நெஞ்சில் அடிபட்டு இதய வால்வு கிழிந்தால்: கேள்வி பதில்

கேள்வி: கார் விபத்தில் ஸ்டீயரிங் நெஞ்சில் இடித்தது. எலும்பு முறிவு இல்லை. இரண்டு வருடம் கழித்து இப்போது எக்கோவில் (இதய ஸ்கேனில்) ட்ரைகஸ்பிட் வால்வு அதிகமாகக் கசிகிறது என்கிறார்கள். அந்த அடிதான் காரணமா டாக்டர்?

பதில்: இருக்கலாம். ட்ரைகஸ்பிட் என்பது இதயத்தின் வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வு. அந்த வலது கீழறை மார்பெலும்புக்கு நேர் பின்னால் இருக்கிறது. அது இரத்தம் நிரம்பியிருக்கும் நொடியில் அடி விழுந்தால் உள்ளே அழுத்தம் எகிறி, வால்வு இதழைப் பிடித்திருக்கும் நாண்கள் அறுந்துபோகலாம். வலப்பக்கம் அழுத்தம் குறைவு என்பதால் உடல் வருடக்கணக்கில்கூடத் தாங்கிக்கொள்ளும். விபத்துக்கு முன் எடுத்த எக்கோ இருந்தால், ஒப்பிட்டுப் பார்க்கத் தேடி எடுங்கள்.

கேள்வி: என் அண்ணனுக்கும் நெஞ்சில்தான் அடி. ஆனால் மறுநாளே மூச்சுத் திணறி அவசர ஆபரேஷன். ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: அவருக்கு இதயத்தின் இடப்பக்கம் உள்ள மைட்ரல் வால்வாக இருந்திருக்கும். அதைத் தாங்கும் தசை பிய்ந்தால் இரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பி, அங்கே நீர் கோத்துவிடும். காத்திருக்க நேரமே கிடையாது.

கேள்வி: தைத்துச் சரிசெய்வார்களா, புது வால்வு வைப்பார்களா?

பதில்: எது கிழிந்தது என்பதைப் பொறுத்தது. நாண் அறுந்திருந்தால் கோர்டெக்ஸ் என்ற செயற்கை நூலில் செயற்கை நாண் கட்டலாம். தசை பிய்ந்திருந்தால் அதைத் திரும்பப் பொருத்தித் தைக்கலாம். இதழில் ஓட்டை என்றால் இதய உறைத் துண்டு வைத்து அடைக்கலாம். விரிந்துபோன வால்வு வாயைச் சுருக்க ஒரு வளையமும் வைப்பார்கள். இதயம், நுரையீரல் வேலையைத் தற்காலிகமாகச் செய்யும் ஹார்ட்-லங் மெஷின் உதவியோடு செய்வார்கள். முடிந்ததும் ஆபரேஷன் தியேட்டரிலேயே எக்கோ பார்த்துக் கசிவு மிச்சமிருந்தால் உடனே திருத்தலாம். இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் போகும் வாயிலில் உள்ள அயோர்டிக் வால்வு மட்டும் வேறு கதை. அதில் இதழ் கிழிந்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்கும் ட்ரைகஸ்பிட் கசிவுதான். தொந்தரவே இல்லை. தள்ளிப்போடலாமா?

பதில்: கசிவு கடுமை என்றால் கால் வீங்கும் வரை காத்திருக்காதீர்கள். இதயம் பெருத்து, தசை சோர்ந்த பிறகு வால்வைச் சரிசெய்தாலும் பலன் குறைவு. லேசான கசிவு என்றால் சரி, எக்கோவில் கண்காணித்தால் போதும்.

கேள்வி: இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையை ஆயுளுக்கும் சாப்பிட வேண்டுமா?

பதில்: உலோக வால்வுக்கு ஆம். சொந்த வால்வைச் சரிசெய்தவர்களுக்கு, இதயத் துடிப்பு சீராக இருந்தால், பெரும்பாலும் சில மாதம் போதும். முடிந்தவரை சொந்த வால்வையே காப்பாற்றச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: அப்புறம் பல் பிடுங்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் வளையம் வைத்திருப்பதை முதலிலேயே பல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கிருமி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்.