போலி ராஜாவா?

கேள்வி: இங்கிலாந்தின் பீல் தீவில் 300 வருடப் பழைய பப் ஒன்று இருக்கிறதாம். அதை நடத்துபவரை 'ராஜா' என்கிறார்களாம். இந்தப் போலி ராஜாவைப் பார்க்க, அலை குறையும் நேரத்தில் நடந்தே போகலாமா?

பதில்: 'போலி'யை முதலில் வாபஸ் வாங்குங்கள். பீல் தீவுக்குப் போலி ராஜா ஒருவன் வந்து இறங்கியது 1487 ஜூனில். லாம்பர்ட் சிம்னல், சுமார் 10 வயது, எளிய வீட்டுப் பையன். அவனை அரியணைக்கு உரிமை கொண்டாடிய யார்க் வம்சத்து வாரிசு என்று சொல்லி டப்ளினில் முடிசூட்டி, 2,000 ஜெர்மன் கூலிப்படையினரோடு கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள் லிங்கன் பிரபுவும் கூட்டாளிகளும். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 16 அன்று ஸ்டோக் ஃபீல்டு போரில் எல்லாம் முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். பையனை இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி கொல்லவில்லை; அரண்மனை அடுப்படியில் இறைச்சி வாட்டும் கம்பியைச் சுற்ற வைத்தார். அந்தப் பிள்ளையைக்கூட நான் போலி என்று சொல்ல மாட்டேன். தூக்கி வந்தவர்களைச் சொல்வேன்.

நீங்கள் கேட்ட 'ஷிப் இன்' பப்காரர் கதையே வேறு. அவரைப் பழைய மரநாற்காலியில் உட்கார வைத்து, துருப்பிடித்த தலைக்கவசம் மாட்டி, கையில் வாளைக் கொடுத்து, தலையில் பீரைக் கவிழ்ப்பார்கள். அது கவசத்தில் வழிந்து சட்டைக்குள் இறங்கும். அபிஷேகம் என்றால் தலைவழியே ஊற்றுவதுதானே? முறைப்படி நடந்த பட்டாபிஷேகம்! அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் 'நைட்' (Knight) என்ற வீரர் பட்டம் கிடைக்கும். பப்பில் உள்ள அத்தனை பேருக்கும் உட்கார்ந்தவர்தான் குடிக்க வாங்கித் தரவேண்டும். பதிலுக்கு ஒரு உரிமை: அவர் என்றைக்காவது கப்பல் உடைந்து அங்கே கரை ஒதுங்கினால், பப்பில் சாப்பாடும் படுக்கையும் இலவசம். ஒதுங்கி வந்தவனுக்குச் சோறு போடுகிற ராஜ்யம் எப்படிப் போலியாகும்?

அப்புறம், குறைவது அலை அல்ல, ஓதம். இதே பக்கத்தில் எத்தனை முறை எழுதிவிட்டேன்! அலையைக் கிளப்புவது காற்று. நிலவும் சூரியனும் இழுத்து, கடல்மட்டமே ஏறி இறங்குவது ஓதம். பீல் இருக்கும் மோர்கம் விரிகுடாப் பக்கம் அது சில நாட்களில் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும். அழகான தமிழ்ச் சொல், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. படித்ததைப் பள்ளிக்கூட வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

சரி, நடக்கலாமா? ஓதம் வற்றியதும் பக்கத்து வால்னி தீவின் தென்முனையிலிருந்து மணலில் நடக்கலாம். ஆனால் வழி தெரிந்தவர் துணையில்லாமல் இறங்கவே கூடாது. தண்ணீர் திரும்பிவிட்டால் ஓட இடமில்லை. கோடையில் ரோவா தீவிலிருந்து படகு உண்டு. அதில் போங்கள். நாற்காலியில் உட்காரும் ஆசை இருந்தால், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள்.