அலுத்துப்போன சொற்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தொலைக்காட்சி நேரலையில் 'இங்கே இருக்கக்கூடிய', 'நடைபெற்று வரக்கூடிய', 'பார்க்க முடிகிறது' என்று செய்தியாளர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்கள். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. இது பிழையா, வெறும் பழக்கமா?

பதில்: பழக்கமாகத் தொடங்கிப் பிழையில் முடிகிறது. 'மழை வரக்கூடும்' என்றால் வரலாம், வராமலும் போகலாம். 'ஐந்து பேர் உட்காரக்கூடிய கார்' என்றால் அத்தனை பேருக்கு அதில் இடமுண்டு. ஐயத்துக்கும் இயலுமைக்கும் உரிய துணைவினை அது. கண்ணெதிரே நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல அது தேவையே இல்லை. 'எரியக்கூடிய கிடங்கு' என்று ஒருவர் சொன்னால், கிடங்கு இப்போது எரிகிறதா, இல்லை எளிதில் தீப்பிடிக்கும் கிடங்கா? தெரிந்தாக வேண்டிய முதல் தகவலே அங்கே குழம்பிவிடுகிறது.

ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. நேரலையில் கையில் தாள் இருக்காது. தமிழிலோ வினைமுற்று கடைசியில்தான் வரும். அதுவரை வாக்கியத்தைக் கீழே விடாமல் பிடித்திருக்க வேண்டும். அடுத்த சொல்லை யோசிக்க நேரம் வேண்டும், அதனால் இருக்கிற சொல்லை நீட்டுகிறார்கள். 'உள்ள' மூன்றெழுத்து, 'இருக்கக்கூடிய' எட்டெழுத்து. அந்த ஐந்தெழுத்து இடைவெளியில் மனம் அடுத்த சொல்லைத் தேடிக்கொள்கிறது.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'இந்தப் பகுதியில் இருக்கக்கூடிய மக்கள் தங்களுடைய கோரிக்கைகளை முன்வைத்துப் போராட்டம் நடத்தி வரக்கூடிய காட்சிகளை நம்மால் பார்க்க முடிகிறது.' 14 சொற்கள். என்ன கோரிக்கை என்பது மட்டும் இல்லை. 'இப்பகுதி மக்கள் குடிநீர் கேட்டு மறியல் செய்கிறார்கள்' என்றால் ஆறே சொற்களில் முழுச் செய்தியும் வந்துவிடுகிறது. செய்தியாளராகப் பயிற்சி பெறுபவர்களுக்கு எங்கள் யோசனை: ஒலிவாங்கியைக் கையில் எடுக்கும் முன் கடைசி வினைச்சொல்லை முடிவு செய்யுங்கள். 'மறியல் செய்கிறார்கள்' என்பது மனத்தில் தயாராக இருந்தால், யார், எதற்காக என்ற இரண்டும் தாமாகவே அதன் முன்னால் வந்து நிற்கும். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் 'வெற்றெனத் தொடுத்தல்' என்று ஒன்றை நன்னூல் சொல்கிறது. பொருளில்லாத சொற்களை அடுக்குவதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

கேள்வி: செய்தித்தாளில் 'என்பது குறிப்பிடத்தக்கது'?

பதில்: அடித்துவிட்டு முந்தைய வினையை முற்றாக்குங்கள். 'அவர் இருமுறை வென்றவர் என்பது குறிப்பிடத்தக்கது' என்பது 'அவர் இருமுறை வென்றவர்' என்றாகும். குறிப்பிடத் தக்கது என்பதால்தானே அச்சிலேயே குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: வாயைத் திறந்தாலே 'ஆக்சுவலி', 'பேசிக்கலி', 'வந்து' என்று வருகிறது. நேர்முகத் தேர்வு நெருங்குகிறது. எப்படி விடுவது?

பதில்: அடியோடு விட வேண்டியதில்லை. 'நான் இன்னும் முடிக்கவில்லை' என்று எதிரில் இருப்பவருக்கு உணர்த்தும் வேலையை இந்தச் சொற்கள் செய்கின்றன. பொருள் தராமல் வரும் சொற்களுக்கு 'அசைநிலை', 'இசைநிறை' என்று தொல்காப்பியமே இடம் ஒதுக்கியிருக்கிறது. அளவு மீறும்போதுதான் எரிச்சல்.

கைபேசியில் மூன்று நிமிடம் எதைப் பற்றியாவது பேசிப் பதிவு செய்யுங்கள். ஒரு சொல்லையும் விடாமல் அப்படியே எழுதுங்கள். இந்த வேலை அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் பலனெல்லாம் இதில்தான். எழுதியதில் நிரப்புச் சொற்களை வட்டமிட்டால், பெரும்பாலானவை வாக்கியத் தொடக்கத்திலும், பெயரோ எண்ணோ சொல்வதற்குச் சற்று முன்னும் இருப்பது தெரியும். அதிகம் வருகிற ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, அது வரும் இடத்தில் உதட்டை மூடி ஒரு விநாடி நில்லுங்கள். பேசுகிறவருக்கு அந்த ஒரு விநாடி நெடுநேரமாகத் தோன்றும். கேட்பவருக்கோ நிதானமாகப் பேசுவதாகவே படும்.

இரண்டு இடங்களில் இது தவறிப்போகும். மௌனத்தைப் பழகாமல் சொல்லை மட்டும் தடுத்தால், 'ஆக்சுவலி' போன இடத்தில் 'ஸோ' வந்து உட்காரும். இன்னொன்று, 'நான் சொல்லும்போதெல்லாம் பிடித்துச் சொல்லுங்கள்' என்று வீட்டாரிடம் கேட்பது. பேச்சு நடுவில் அறுபடுவதால் பதற்றம் கூடி, நிரப்புச் சொல்லும் கூடும். வாரம் ஒரு பதிவு செய்து முந்தையதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். எதிர்பார்த்ததைத் திருத்துகிற இடத்தில் மட்டும் 'ஆக்சுவலி' இருந்துவிட்டுப் போகட்டும்: 'கூட்டம் பத்துக்குன்னு போட்டிருக்காங்க, ஆக்சுவலி பதினொண்ணுக்குத்தான்.' அங்கே அது உண்மையாகவே வேலை செய்கிறது.

கேள்வி: அலுவலகத்தில் 'அலைன் பண்ணிக்கலாம்', 'பேண்ட்விட்த் இல்லை', 'ஆவன செய்யப்படும்' என்ற பேச்சுதான் எப்போதும். ஆங்கிலம் கலப்பதுதான் சிக்கலா?

பதில்: இல்லை. நீங்கள் தந்திருப்பதில் மூன்றாவது சுத்தத் தமிழ், மோசமானதும் அதுவே. 'செய்யப்படும்' என்ற செயப்பாட்டு வினையில் யார் செய்வார் என்பது இல்லை, 'ஆவன' என்பதில் எது என்பது இல்லை, எப்போது என்பதும் இல்லை. 'பேண்ட்விட்த் இல்லை' என்பதற்கு நேரமில்லை என்ற தெளிவான பொருளாவது இருக்கிறது.

கூட்டம் முடிந்த அன்றே, கலந்துகொண்ட எல்லோருக்கும் மூன்று வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: யார், என்ன, எந்தத் தேதிக்குள். 'விலைப்பட்டியலை நீங்கள் 14-ஆம் தேதிக்குள் அனுப்புவதாகப் புரிந்துகொண்டேன், தவறென்றால் திருத்துங்கள்.' கடைசி இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் வரி மிரட்டலாகத் தொனிக்கும், பதிலும் வராது.

கேள்வி: 'தப்பா நினைச்சுக்காதீங்க, ஆனா...' என்று தொடங்குகிறவர்களை என்ன செய்வது?

பதில்: 'சொல்லுங்க' என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். 'இல்லை, நினைக்க மாட்டேன்' என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டால், பிறகு வருத்தப்படும் உரிமையும் போய்விடும்.

கேள்வி: பிள்ளைகளுக்கு எல்லாமே 'வேற லெவல்', 'செம', 'தரமான சம்பவம்'. மொழி கெட்டுப்போகிறதா?

பதில்: கெடவில்லை, தேய்கிறது. மிகுதியைக் குறிக்கும் சொல் எதுவானாலும் பலர் வாயில் புழங்கினால் வலுவிழக்கும், புதியது அதன் இடத்துக்கு வரும். 'சால உறு தவ நனி கூர் கழி' என்று ஆறு சொற்களை நன்னூல் இதற்கென்றே சொல்கிறது. 'சாலச் சிறந்தது' போன்ற ஓரிரு தொடர்கள் தவிர அவை இன்றைய பேச்சில் இல்லை. 'பயங்கர அழகு' என்னும்போது அதில் பயமும் இல்லை. சொல்லைத் தடை செய்வதைவிட, 'எது வேற லெவல், பாட்டா, சண்டைக் காட்சியா?' என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்களே வேறு சொல்லைத் தேடுவார்கள்.

கேள்வி: ஆசிரியை நான். வரிக்கு வரி 'புரியுதா?' கேட்கிறேன் என்று மாணவர்கள் என்னைப் போலவே பேசிக் காட்டுகிறார்களாம். மாற்று என்ன?

பதில்: நிறைந்த வகுப்பில் 'புரியவில்லை' என்று எழுந்து சொல்ல யாருக்கும் துணிவு வராது. அதனால் 'புரியுது' என்ற பதிலிலிருந்து உங்களுக்கு எதுவுமே தெரியவராது. 'இந்தக் கணக்கில் அடுத்த வரி என்ன?', 'இதே விதியை எதற்குப் பயன்படுத்த முடியாது?' என்று, பதிலே புரிதலைக் காட்டும்படி கேளுங்கள். கேட்டதும் பெயர் சொல்லி அழைக்காதீர்கள், மூன்று விநாடியாவது பொறுங்கள். ஆசிரியர்கள் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்றாக்கினால் மாணவர்களின் பதில் நீள்கிறது என்றும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோவ் 1970-களில் காட்டினார். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.