வெட்ட வெட்டத் துளிர்க்கும் களை: பயிற்சி மாணவர்களின் உழைப்புக்குப் பலன் உண்டா?

கேள்வி: நான் தாவரவியல் மாணவி. இயற்கைக் காப்பகம் ஒன்றில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். நாள் முழுவதும் உண்ணிச்செடியையும் பார்த்தீனியத்தையும் அகற்றுவதுதான் எங்கள் குழுவின் வேலை. முதல் வாரம் வெட்டிய புதர்கள் இப்போது முன்பைவிட அடர்ந்து துளிர்த்து நிற்கின்றன. எங்கள் உழைப்பால் பலன் உண்டா? களைக்கொல்லி தெளிக்கவும் எங்களை அனுப்பப் போவதாகச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: பலன் உண்டு. ஆனால் எந்த இடத்தில் தொடங்குகிறீர்கள், செடியை எந்த இடத்தில் வெட்டுகிறீர்கள் என்ற இரண்டையும் பொறுத்தே அது அமையும்.

முதலில் வெட்டு. உண்ணிச்செடியை அரிவாளால் தரைக்கு மேலே வெட்டினால் அது சாகாது. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் உறங்கு மொட்டுகள் இருக்கின்றன. மேலே உள்ள தண்டு போனதும் அவை விழித்துக்கொண்டு, ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகளை அனுப்புகின்றன. நீங்கள் பார்த்த அடர்த்திக்குக் காரணம் அதுதான். அடிப்பகுதியைச் சுற்றி நாலைந்து விரற்கடை ஆழத்துக்கு மண்ணைக் கிளறுங்கள். கழுத்துக்குக் கீழே முதன்மை வேர் தென்படும்; அங்கே வெட்டிப் புதரை முழுதாகத் தூக்குங்கள். பிறகு வேர் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈர மண்ணில் படுத்துக் கிடக்கும் தண்டு மீண்டும் வேர்பிடித்துக்கொள்ளும் என்பதால் இந்தக் கவிழ்ப்பு முக்கியம். வெட்டுமுன் புதருக்குள் பறவைக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், குஞ்சுகள் பறக்கும்வரை அந்தப் புதரை விட்டுவிடலாம்.

பார்த்தீனியத்துக்குப் பூக்கும் காலமே கணக்கு. ஒரு செடி 10,000 விதைகளுக்கும் மேல் தரக்கூடியது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூ எடுக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். இளஞ்செடி தரையோடு தரையாக வட்டமாக விரிந்து, ஆழமாகப் பிளவுபட்ட இலைகளுடன் கிடக்கும்; அந்தப் பருவத்திலேயே அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். இதைத் தொடுவதால் தோல் ஒவ்வாமையும், மகரந்தத்தால் மூச்சுத் தொல்லையும் வரலாம். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். உங்களில் யாருக்காவது அரிப்போ தடிப்போ தொடங்கினால், பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். இந்த ஒவ்வாமை மீண்டும் மீண்டும் தொடத் தொட முற்றும் தன்மை உடையது. அவருக்கு உடனே வேறு வேலை கேளுங்கள்.

அடுத்தது இடம். பெரும்பாலான குழுக்கள் கண்ணை உறுத்தும் மிக அடர்ந்த புதரிலிருந்துதான் தொடங்குகின்றன. அது இயல்பு, ஆனால் சிறிய குழுவுக்குக் கட்டுப்படியாகாது. 1960களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜோன், ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் இதற்கு நேர்மாறான முறையைக் கையாண்டார்கள். இயல்தாவரங்கள், அதாவது அந்த மண்ணுக்கே உரிய செடிகள், செழித்திருக்கும் நல்ல பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும் களைகளை முதலில் எடுப்பது, பிறகு அதன் விளிம்பிலிருந்து களை மிகுந்த பகுதியை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வது, மண்ணை இயன்றவரை கிளறாமல் இருப்பது, இயல்தாவரங்கள் மீண்டு வரும் வேகத்துக்கு மேல் அகற்றாமல் இருப்பது. உங்களைப் போன்ற குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான வழியை நான் அறியேன். காரணம் எளியது: நல்ல பகுதியில் ஒரு களையை எடுத்தால், அந்த வெற்றிடத்தை நிரப்பப் பக்கத்திலேயே இயல்தாவரத்தின் விதையும் வேரும் காத்திருக்கின்றன. அடர்ந்த களைக்காட்டை ஒரே மூச்சில் மொட்டையடித்தால், வெயில் பட்ட வெற்று மண்ணில் முளைப்பவை பெரும்பாலும் அதே களையின் விதைகள்தான்.

சுத்தம் செய்த இடத்தில் மரங்களின் அடியைத் தனியாகப் பாருங்கள். உண்ணிப்பழம் தின்ற பறவைகள் கிளைகளில் அமர்ந்து எச்சமிடுவதால், அந்த நிழலில் நாற்றுகள் கூட்டமாக முளைக்கும். இரண்டு இலை விட்ட நாற்றை விரலாலேயே பிடுங்கிவிடலாம். விட்டுவைத்தால் கடப்பாரை தேவைப்படும். உங்கள் பொறுப்பாளரிடம் பேசி, கடைசி இரண்டு வாரங்களைப் புதிய இடங்களுக்குச் செலவிடாமல், முதலில் வெட்டிய இடங்களுக்கே திரும்பிப் போக ஒதுக்கச் சொல்லுங்கள். இந்த மறுசுற்று இல்லாத களையெடுப்பு அரைவேலைதான். ஒவ்வொரு இடத்தையும் குறித்த புள்ளியில் நின்று, ஒரே திசை பார்த்துப் படமெடுத்துத் தேதியிட்டு வையுங்கள். எத்தனை மூட்டை அகற்றினோம் என்பதோடு, அங்கே இப்போது என்ன முளைத்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அடுத்து வரும் மாணவர்களுக்கு உதவப்போவது இரண்டாவது குறிப்புதான்.

மாலையில் புறப்படும் முன் காலணியின் அடியையும் கருவிகளையும் அங்கேயே தட்டிச் சுத்தம் செய்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் சேற்றில் விதை இருந்தால் நாளைக்கு நல்ல பகுதிக்குப் போய்ச் சேரும்.

களைக்கொல்லியைப் பொறுத்தவரை, முறையான பயிற்சி இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல நாடுகளில் இதற்கு உரிமமோ சான்றோ வேண்டும். தவறான அளவும் வீசும் காற்றும் பக்கத்துச் செடிகளையும் நீர்நிலையையும் கெடுத்துவிடும். மறுப்பதற்குத் தயங்க வேண்டாம். "எனக்கு இதில் பயிற்சி இல்லை" என்பதே போதுமான காரணம். பயிற்சி பெற்றவர் தெளித்த இடத்திலும் உடனே கைவைத்துக் களை பிடுங்காதீர்கள். எவ்வளவு நேரம் கழித்து அங்கே நுழையலாம் என்பது மருந்துக் கலனின் லேபிளில் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.