செயின்சா: 70 சிசி போதுமா, 90 சிசி வேண்டுமா?

கேள்வி: பெங்களூரில் மரம் அறுக்கும் ஒப்பந்த வேலை செய்கிறேன். ஒசகோட்டை, கோலார் பக்கத்துத் தைலமரத் தோப்புகளும் சில்வர் ஓக்கும்தான் அன்றாட வேலை. கோடை மழைக்காற்றில் குடியிருப்புகளுக்குள் சாயும் பெரிய தூங்குமூஞ்சி மரங்களையும் அறுத்து அப்புறப்படுத்துகிறோம். கையில் 50 சிசி செயின்சா ஒன்று இருக்கிறது. அடுத்ததாக 70 சிசி வாங்கலாமா, 90 சிசி வாங்கலாமா? பழைய 90 சிசி ஒன்று மலிவாகவும் கிடைக்கிறது.
– வாசகர், கிருஷ்ணராஜபுரம், பெங்களூரு

பதில்: 70 சிசி வாங்குங்கள், 50 சிசியை விற்றுவிடாதீர்கள்.

ஸ்டில் நிறுவனத்தின் தொழில்முறை இயந்திரங்களையே பாருங்கள். பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) செயினும் மாட்டாத நிலையில், 50 சிசி எம்.எஸ். 261 ஏறக்குறைய 5 கிலோ எடையில் 3 கிலோவாட் திறன் தருகிறது. 72 சிசி எம்.எஸ். 462 சுமார் 6 கிலோவில் 4.4 கிலோவாட்டும், 91 சிசி எம்.எஸ். 661 ஏறத்தாழ ஏழரைக் கிலோவில் 5.4 கிலோவாட்டும் தருகின்றன. முதல் படியில் ஒரு கிலோ கூடுதல் எடைக்கு 1.4 கிலோவாட் கிடைக்கிறது. அடுத்த படியிலோ சுமார் ஒன்றரைக் கிலோவைக் கூடுதலாகத் தூக்கினாலும் ஒரு கிலோவாட்தான் கிடைக்கிறது. காலையிலிருந்து மாலை வரை குனிந்து அறுப்பவரின் இடுப்புக்கும் தோளுக்கும் அந்த ஒன்றரைக் கிலோ பெரிய பாரம்.

தோப்பில் மெலிந்த தைலமரங்களைச் சாய்க்கவும் கிளை கழிக்கவும் உங்கள் 50 சிசியே ஏற்றது. பருத்த சில்வர் ஓக்குக்கும் தூங்குமூஞ்சிக்கும் 70 சிசியில் 20 அல்லது 25 அங்குல பார் போட்டுக்கொள்ளலாம். அடிமரம் பாரைவிட அகலமாக இருக்கிறது என்பதற்காகவே பெரிய இயந்திரம் தேவைப்படுவதில்லை. இருபுறமும் மாறி நின்று அறுத்தால், பாரின் நீளத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு குறுக்களவு வரை சமாளிக்கலாம். ஆனால் 50 சிசியில் நீண்ட பாரை மாட்டி ஒப்பேற்ற நினைக்காதீர்கள். மரத்துக்குள் செயின் திணறுவதோடு, ஆயில் பம்ப் தரும் எண்ணெயும் போதாமல் பார் சூடேறித் தேய்ந்துவிடும்.

சாய்ந்து கிடக்கும் மரத்தில் இயந்திரத்தின் அளவைவிட அறுக்கும் வரிசையே முக்கியம். அமுங்கி நிற்கும் பக்கத்தில் முதலில் ஓரளவு அறுத்துவிட்டு, இழுபட்டு நிற்கும் பக்கத்தில் முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பார் இறுகிக்கொள்ளும், அல்லது மரம் பிளந்து ஆள்மேல் தெறிக்கும். நிற்கும் மரத்தை அறுக்கக் கூப்பிட்டால், 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி மர அலுவலரின் அனுமதி தேவையா என்பதை உறுதிசெய்த பிறகே கை வையுங்கள்.

பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றின் அடர்த்தி குறைந்து எஞ்சின் திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். எனவே வாங்கும் கடையிலேயே கார்புரேட்டரை இவ்வூருக்கேற்பச் சரிசெய்து வாங்குங்கள். தானாகவே சரிசெய்துகொள்ளும் மாடலுக்கு இது தேவையில்லை. திறன் போதவில்லை என்று தோன்றும்போதெல்லாம் முதலில் கீழே விழும் தூளைப் பாருங்கள். கூரான செயின் சிறு செதில்களாக மரத்தைச் சீவித் தள்ளும். மாவுபோல் உதிர்ந்தால் செயின் மழுங்கிவிட்டது, அரம் போட வேண்டும். மழுங்கிய செயின் மாட்டிய 90 சிசியைவிடக் கூரான செயின் மாட்டிய 50 சிசி நன்றாக அறுக்கும்.

பழைய 90 சிசியைப் பார்க்கப் போனால், சைலன்சரைக் கழற்றச் சொல்லி, புகை வெளியேறும் துளை வழியே டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் மேலும் கீழுமாகக் கீறல்கள் ஓடியிருந்தால், டூ-ஸ்ட்ரோக் ஆயில் போதாமலோ காற்று கூடிப்போயோ எஞ்சின் காய்ந்து ஓடியிருக்கிறது என்று பொருள். அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பிஸ்டன் வழவழப்பாகவே இருந்தாலும், ஆண்டுக்கு ஓரிரு பெருமரங்களுக்காக அதை வாங்கி வைப்பதைவிட, தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுப்பதே உங்களுக்குக் கட்டுப்படியாகும்.