வெறும் காகிதம்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது ஹிட்லரை எதிர்த்த ‘வெள்ளை ரோஜா’ மாணவர்கள் வெறும் காகிதத்தை வைத்துக்கொண்டு எதைச் சாதித்தார்கள்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ‘வெறும்’ என்ற இடத்தில் சுருக்கென்றது. எங்கள் காகித வியாபாரியிடம் வந்து இதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு ரீம் என்ன விலை என்று சொல்வார். அப்புறம் அந்தச் சொல் உங்கள் வாயில் வராது.

யுத்தகால ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் ஒரே கடையில் கட்டுக்கட்டாகத் தாளோ உறையோ தபால்தலையோ வாங்கினால் சந்தேகம் வரும். ஹான்ஸ் ஷோலும் தங்கை சோஃபியும் நண்பர்களும் கடை கடையாக ஏறி இறங்கிச் சேர்த்தார்கள். இரவில், ஹிட்லர் எதிர்ப்புத் துண்டுப் பிரசுரங்களை நகலெடுக்கக் கையால் சுற்றும் சைக்ளோஸ்டைல் இயந்திரம். என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பாடு தெரியும்: ஸ்டென்சில் லேசாகக் கிழிந்தால் போதும், பக்கம் முழுக்க மைக்குளம், நகக்கண்ணில் ஏறிய மை மூன்று நாளைக்குச் சோற்றிலும் மணக்கும். முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகத்தில் பொறுக்கினார்கள். ம்யூனிக் முத்திரை விழக்கூடாதென்று ரயிலேறிப் போய் சால்ஸ்பர்க்கிலும் லின்ஸிலும் வியன்னாவிலும் தபாலில் போட்டார்கள். அத்தனைக்கும் தபால்தலை ஒட்டி!

இங்கே நம் கவிஞர் பெருமக்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தொண்டை வறளக் கத்துகிறேன்: பத்துத் தாள் கவிதைக்கு ஒரு தாளுக்கான தலையை ஒட்டி அனுப்பாதீர்கள். தபால்காரர் வாசலில் நின்று அபராதம் கேட்கிறார். கட்டிவிட்டுப் பிரித்தால், ‘தீப்பிழம்பே, எழுந்து வா!’ தீப்பிழம்புக்கு வண்டிச்சத்தமும் நானே கொடுக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹிட்லர் கவிழவில்லை. 1943 பிப்ரவரி 18 அன்று பல்கலைக்கழக மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து சோஃபி ஒரு கட்டைத் தள்ளிவிட, தாள்கள் கூடமெங்கும் பறந்தன. பிடித்துக் கொடுத்தவர் அங்கே பணியாளராக இருந்த யாகோப் ஷ்மிட். அவருக்கு 3,000 மார்க் சன்மானம், பதவி உயர்வு. போதாதென்று, சில நாளிலேயே அங்கே கூடிய மாணவர்கள் அவருக்குக் கைதட்டி ஆரவாரமும் செய்தார்கள். மாணவர் சமுதாயம் என்றாலே புல்லரித்துப்போகும் மேடைப் பேச்சாளர்கள் அந்தக் கைதட்டலையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஹான்ஸின் பையில் இருந்தது, அவர்கள் குழுவைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட் கைப்பட எழுதிய ஒரு பிரசுர வரைவு. கிழித்துப் போடப் பார்த்தார், முடியவில்லை. மூன்று குழந்தைகளின் தகப்பனை அந்த ஒரு தாள் மாட்டிவிட்டது. 22ஆம் தேதி மூவருக்கும் விசாரணை, தீர்ப்பு, கில்லட்டினில் தலைவெட்டு எல்லாம் ஒரே நாளில். சோஃபிக்கு வயது 21. அந்தத் தாளை ‘வெறும்’ என்று அரசாங்கம் நினைத்திருந்தால் இவ்வளவு அவசரப்பட்டிருக்காது.

அவர்களுடைய ஆறாவது பிரசுரம் கடத்தப்பட்டு பிரிட்டன் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு கோடையில் நேச நாட்டு விமானங்கள் அதை அச்சடித்துக் கட்டுக்கட்டாக ஜெர்மனி மீதே கொட்டின. அந்தப் பிரதிகளுக்கு மட்டும் தபால்தலை ஒட்டவில்லை. இந்தச் சலுகை கவிஞர்களுக்குப் பொருந்தாது.