ஈர நெல்லும் ஆராய்ச்சி நிதியும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் “டெல்டாவின் கல்லூரிகள் டெல்டாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன” என்று ஒரு வரி வந்தது. படித்த நாளிலிருந்து உறுத்துகிறது. நான் திருவாரூர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு என்பது விதி. விடைத்தாள் திருத்துவது, மாணவர் சேர்க்கை, கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்குக் கோப்பு அடுக்குவது எல்லாம் அந்தக் கணக்கில் சேராது. முதுகு திருப்பி உட்காரக்கூட நேரம் இல்லாதவர்களைப் பார்த்து நீங்கள் இப்படி எழுதலாமா?

இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டு மாதங்களுக்கு முன் கல்லூரி முதல்வர் என்னை அழைத்து, ஆராய்ச்சிப் பிரிவுக்கு இனி நீங்கள்தான் ஒருங்கிணைப்பாளர் என்றார். ஆசிரியர்கள் வெளியிலிருந்து ஆராய்ச்சி நிதி பெற நான் உதவ வேண்டுமாம். ஒரு மேசை கிடைத்தது, ஒரு பதிவேடு கிடைத்தது. வாட்ஸாப் குழு ஒன்று தொடங்கி, கண்ணில் படும் அறிவிப்புகளையெல்லாம் போட்டு வருகிறேன். கட்டைவிரல் படம் வருகிறது, விண்ணப்பம் வரவில்லை. ஒருநாள் பயிலரங்கு நடத்தினேன். வந்தவர்கள் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். பொருளாதாரத் துறை நண்பர் ஒருவர் மட்டும் ஒரு தலைப்பு கொடுத்தார்: “காவிரி டெல்டா விவசாயிகளின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு.” நல்ல தலைப்புதானே?

ஆராய்ச்சித் திட்டங்களின் கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்தவர் நீங்கள் என்று முன்பு எழுதியிருக்கிறீர்கள். எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கு உண்மையிலேயே பணம் கிடைக்குமா? இல்லை, இது ஐஐடிக்காரர்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் ஆட்டமா? என் பெயரும் கல்லூரியின் பெயரும் வேண்டாம்.

ஓர் உதவிப் பேராசிரியர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வரியை மறுபடி எடுத்துப் படித்தேன். எழுதும்போது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. உங்கள் 16 மணி நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதி ஏன் என் கையிலேயே இருக்கிறது என்பதைப் பொருளாதார நண்பரின் தலைப்புக்கு வரும்போது சொல்கிறேன்.

நான் பேராசிரியன் அல்லன். பல்கலைக்கழகம் ஒன்றின் திட்டப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். ஆராய்ச்சியை ரசீது வழியாகப் பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே நான் சொல்வதில் எலிப்பொந்திலிருந்து பார்த்த கோணல் இருக்கும்.

பணம் இருக்கிறது. அறிவியல் பக்கம் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்துவந்த, எஸ்இஆர்பி என்று பழகியிருந்த மத்திய வாரியம் இப்போது இல்லை. 2023 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்குள் போய்விட்டது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 14,000 கோடிதான் அரசுப் பணம், மற்றது தொழில்துறையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வர வேண்டியது. வரும்போது பார்த்துக்கொள்ளலாம். சமூக அறிவியலுக்கு 1969 முதல் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு இருக்கிறது, வரலாற்றுக்குத் தனிக் குழு இருக்கிறது. சென்னையில் மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இருக்கிறது. அது மாணவர் செயல்திட்டங்களுக்குத் தரும் சிறு தொகையை நம் ஆசிரியர்கள் மதிப்பதில்லை. எனக்கு அதன்மீது மரியாதை உண்டு. முதன்முதலாகக் கணக்கு எழுதிப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

ஐஐடிக்காரர்களின் ஆட்டமா என்று கேட்டீர்கள். பெரும்பங்கு அங்கேதான் போகிறது, மறைக்க ஒன்றும் இல்லை. அது தெரிந்துதான் கல்லூரி ஆசிரியர்களுக்கென்று சில வாசல்களைத் தனியாக வைத்தார்கள். அதில் ஒன்று ‘டேர்’. உங்கள் வேலையை விடாமல், ஆண்டில் சில மாதங்கள் பெரிய நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் போய் வேலை செய்யலாம். எஸ்இஆர்பி காலத்து அறிவிப்புகளில் மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் ஆராய்ச்சிச் செலவுக்கு என்றிருந்தது. அதில் பாதி உங்கள் கல்லூரிக்கு வரும், பாதி அந்த நிறுவனத்துக்கு. உங்களுக்கென்று தனியாக ஆண்டுக்கு 60,000 ரூபாய். திருவாரூர்க்காரர் இதற்காகச் சென்னைக்குக் குடிபெயர வேண்டியதில்லை. திருச்சியில் என்ஐடி இருக்கிறது, நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இப்படி ஒரு வாசல் இருப்பதை உங்கள் வேதியியல் துறையில் எத்தனை பேர் அறிவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வாட்ஸாப் குழுவில் கேட்காதீர்கள். நேரில், டீக்கடையில் கேளுங்கள்.

அறிவிப்பை அனுப்புவது உதவி ஆகாது என்பது இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நாற்பது பக்க அறிவிப்பு தொலைபேசியில் வந்து விழுந்தால், யாராக இருந்தாலும் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவிடுவார்கள். அதை நீங்கள் படித்துவிட்டு, இயற்பியல் துறையில் இன்னாரிடம் போய், “சார், இது உங்களுக்கு. வயது வரம்பு சரியாக இருக்கிறது. கடைசித் தேதிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. எங்கே கையெழுத்து என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்னால் அது உதவி. அறுபது பேருக்குப் பயிலரங்கு நடத்தும் நேரத்தில் இரண்டு பேருடன் உட்காரலாம். சால்வைச் செலவும் மிச்சம்.

இனி அந்தத் தலைப்பு. “சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு.” இதைப் போன்ற தலைப்புகள் என் மேசையைக் கடந்து நூற்றுக்கணக்கில் போயிருக்கின்றன. ‘டெல்டா’ இருக்கும் இடத்தில் ‘தர்மபுரி’ என்று போட்டாலும் உள்ளே ஒரு வரி மாறாது. டெல்லியில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிடும். காவிரி என்று எழுதினாலே நமக்குத் தொண்டை அடைக்கிறது. மதிப்பிடுகிறவருக்கு அடைப்பதில்லை. அவர் தேடுவது ஒரு கேள்வியை. நான் திரும்பப் பெறாமல் வைத்திருக்கும் பாதி வரி இதுதான். டெல்டாவில் இருந்துகொண்டே டெல்டாவைத் தூரத்திலிருந்து பார்க்கிற தலைப்பு அது.

அந்த நண்பர் எந்த ஊர்க்காரர்? மன்னார்குடிப் பக்கமோ கோட்டூர்ப் பக்கமோ என்றால் அவர் வீட்டு நெல் ஒரு வருடமாவது கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்திருக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள். அறுவடையில் மழை பிடித்தால் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை போகும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும், ஆணை வருவதற்குள் மூட்டையில் முளை விட்டிருக்கும். இவ்வளவும் அவருக்குத் தெரியும். விண்ணப்பத்தில் மட்டும் இருக்காது. அதை ஆராய்ச்சி என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

அவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஒரு மூட்டை நெல் நிலைய வாசலில் சராசரியாக எத்தனை நாள் காத்திருக்கிறது? அந்த நாட்களில் எடை எவ்வளவு குறைகிறது? குறைந்த எடையை யார் ஏற்கிறார்கள்? சொந்த நிலக்காரரா, குத்தகைக்காரரா? குத்தகைக்காரர் காத்திருக்க முடியாமல் வியாபாரியிடம் தள்ளிவிடுகிறாரா? பத்து நிலையங்கள், இரண்டு பருவங்கள், ஒரு தராசு, ஒரு ஈரப்பதமானி, களத்தில் நிற்க இரண்டு மாணவர்கள். பட்ஜெட் தானாகவே எழுந்து நிற்கிறது பாருங்கள். கேள்வி தெளிந்தால்தான் செலவும் தெளியும். “பயணச் செலவு: ஒரு லட்சம்” என்று மொட்டையாக எழுதுகிறவருக்கு எங்கே போகப் போகிறோம் என்பதே தெரியாது என்று நான் கோப்பைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன்.

துணைக்கும் ஆள் இருக்கிறார்கள். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தஞ்சாவூரில் இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்பது எது தெரியுமா? 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் தொடங்கிய ஆய்வுக்கூடம். மழையில் நனைந்த டெல்டா நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்வியிலிருந்துதான் அது பிறந்தது. உங்கள் மாவட்டத்து ஈர நெல் ஒரு தேசிய நிறுவனத்தையே பெற்றுப் போட்டிருக்கிறது. அங்கே ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டால் ஈரப்பதத்தை அவர் அளப்பார், காத்திருப்பை நம் நண்பர் அளப்பார்.

எழுதும் மொழி பற்றி ஒன்று. விண்ணப்பம் ஆங்கிலத்தில் போக வேண்டியிருக்கும். நம் ஆசிரியர்களில் பலர் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய உடனேயே தங்களுக்குத் தெரிந்ததை மறந்துவிடுகிறார்கள். வாயில் வாழ்கிற விஷயம் தாளில் செத்துவிடும். அதனால் முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் எதிரில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கம் போதும். அந்தப் பக்கத்தை வேறு துறைக்காரர் ஒருவரிடம், விலங்கியல்காரரிடமோ நூலகரிடமோ கொடுங்கள். அவருக்குப் புரியாத இடத்தில் டெல்லிக்காரருக்கும் புரியாது. ஆங்கிலம் அதற்குப் பிறகு.

எழுதித் தருகிறோம், வரும் தொகையில் இத்தனை சதவீதம் கொடுங்கள் என்று சில ஆட்கள் இப்போது கல்லூரி கல்லூரியாகச் சுற்றுகிறார்கள். வாசலிலேயே மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இப்போது என் பேட்டைக்கு வருகிறேன். திட்டங்கள் விண்ணப்பத்தில் சாவதைவிடக் கணக்கில் சாவது அதிகம். ஒரு பேராசிரியர், உண்மையான உழைப்பாளி. மண்ணில் உப்பு ஏறுவதைப் பற்றிய திட்டம். வேதாரண்யம் பக்கம் வெயிலில் அலைந்து மாதிரி எடுத்தவர். முதல் தவணையைச் செலவு செய்து, செலவு அறிக்கையும் பயன்பாட்டுச் சான்றிதழும் அனுப்பினார். இரண்டாம் தவணை வரவேயில்லை. எட்டு மாதம் கழித்துக் காரணம் தெரிந்தது. மானியப் பணம் வங்கியில் கிடந்ததற்கு வட்டி ஏறியிருந்தது, நானூறு ரூபாய் சொச்சம். அது கல்லூரிக்கோ ஆய்வாளருக்கோ சொந்தமில்லை. இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திரும்பச் செலுத்த வேண்டும், சான்றிதழிலும் காட்ட வேண்டும். இவர் காட்டவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். அந்த நானூறு ரூபாய்க்காக இரண்டு பருவ மாதிரிகள் போயின. ஆய்வு மாணவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். இன்றும் உப்பளப் பக்கம் பஸ் திரும்பும்போது அந்தக் கோப்பின் எண் என் நினைவுக்கு வரும்.

ஆகவே உங்கள் பதிவேட்டின் முதல் பக்கத்தில் கல்லூரியின் பான் எண், பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 2எஃப், 12பி அங்கீகார விவரம், தணிக்கையாளர் முகவரி, தனி வங்கிக் கணக்கு எல்லாம் எழுதியிருக்கட்டும். கடைசி நாள் மாலை முதல்வர் ஊரில் இல்லை, முத்திரை பீரோவில் பூட்டியிருக்கிறது என்று விண்ணப்பம் நின்று போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனசு ஆறாது.

அறிக்கை எழுதியே ஆராய்ச்சி செத்துவிடுகிறது என்று உங்கள் சகாக்கள் சலித்துக்கொள்வார்கள். நியாயம்தான். ஆனால் கும்பகோணத்து ராமானுஜன் 1913இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மாதம் 75 ரூபாய் உதவித்தொகையைப் பெற்றபோது அவருக்கும் மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன் மூன்று அறிக்கைகள் எழுதிக் கொடுத்தார். அவற்றில் இருந்த கணிதத்தை இன்றும் படிக்கிறார்கள். பட்டம் இல்லாதவருக்கு விதியைத் தளர்த்திக் கொடுத்த பணம் அது. அந்தக் கோப்பைத் தயாரித்த எழுத்தர் யாராக இருக்கும் என்று சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன். அவர் எங்கள் ஜாதி.

விதியைத் தளர்த்துவது என்றதும் நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்று நினைவுக்கு வருகிறது. உங்கள் கல்லூரியிலும் தற்காலிக ஆசிரியர்கள் இருப்பார்கள். பெரும்பாலான திட்டங்கள் நிரந்தரப் பணியில் இருப்பவரைத்தான் முதன்மை ஆய்வாளராக ஏற்கின்றன. துறையிலேயே அதிகம் படிக்கிறவர், களம் தெரிந்தவர், வயதும் இளையவர், அவருக்கு விண்ணப்பிக்கவே உரிமை இல்லை. இதற்கு என்னிடம் வழி இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய யோசனையை வாங்கி நிரந்தரப் பணியாளர் பெயரில் அனுப்பும் வழக்கத்துக்கு உங்கள் மேசை உடந்தையாக வேண்டாம். திட்டப் பணியாளருக்கான ஊதியத்தில் அவரைச் சேர்க்க முடியுமா என்று ஒவ்வோர் அறிவிப்பிலும் பாருங்கள். கட்டுரை வரும்போது அவர் பெயர் அதில் இருக்கட்டும்.

இந்த ஆண்டு உங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு விண்ணப்பம் போனால் போதும். இரண்டும் திரும்பி வரலாம். திரும்பும்போது மதிப்பீட்டாளர்களின் குறிப்பு கிடைத்தால் கிழித்துப் போடாமல் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்து எழுதுகிறவர் முதலில் அதைப் படிக்கட்டும்.

பொருளாதார நண்பரின் ஒரு பக்கத்தைத் தமிழிலேயே எனக்கு அனுப்புங்கள். படித்துத் திட்டி எழுதுகிறேன். நேரில் பேசலாம் என்றால் சனிக்கிழமைகளில் தஞ்சாவூரில்தான் இருப்பேன். வரும்போது உங்கள் அலுவலகக் கணக்கரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். அவரிடம்தான் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது.