கச்சேரியில் காலப்பிரமாணம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

இசை பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். சிறு வயதில் கற்ற பாட்டைத் திருமணத்துக்குப் பின் விட்டுவிட்டு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு மீண்டும் ஓர் ஆசிரியையிடம் கற்கிறேன். சென்ற நவராத்திரியில் எங்கள் ஊர்க் கோவிலில் பாடினேன். வகுப்பில் பிசிறில்லாமல் பாடுகிற அட தாள வர்ணம் மேடையில் வேகமெடுத்து ஓடத் தொடங்கியது. வர்ணத்தின் பிற்பகுதியான சரண ஸ்வரங்களுக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. மிருதங்கக்காரர் இழுத்துப் பிடித்தும் பயனில்லை. குரல் பயிற்சி போதவில்லை என்கிறார்கள் வீட்டில். மேடையில் பாட உண்மையில் எவையெல்லாம் தேவை? நோட்டைப் பார்த்துப் பாடுவது தவறா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள வாசகிக்கு,

மூச்சு வாங்கியது என்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்பே வர்ணம் ஓடத் தொடங்கிவிட்டது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேகம் ஏற ஏற மூச்செடுக்கும் இடங்கள் சுருங்கும். எவ்வளவு நல்ல சாரீரமும் அப்போது திணறத்தான் செய்யும். ஆகவே குரலை இப்போதைக்கு விட்டுவிட்டுக் காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் சீரான வேகத்தை, கவனியுங்கள் என்பேன். எடுத்த வேகத்தை முடிக்கும் வரை காப்பாற்றுவது மேடைப் பாட்டுக்கு முதல் தகுதி என்பதும், மற்றவை அதன் மேல்தான் நிற்கின்றன என்பதும் என் எண்ணம்.

வகுப்பில் இந்தக் குறை தெரியாமல் போவதற்குக் காரணம் உண்டு. அங்கே தாளம் போடுவது பெரும்பாலும் ஆசிரியையின் கை. மாணவியின் கை அதைப் பார்த்து அசைகிறது. மேடையில் அந்தக் கை இல்லை. அட தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 14 அட்சரங்கள் (எண்ணிக்கைகள்): ஐந்தைந்தாக இரண்டு லகுக்கள், இரண்டிரண்டாக இரண்டு திருதங்கள் என்ற பகுதிகள். லகுவில் ஒரு தட்டுக்குப் பிறகு நான்கு விரல்களை எண்ணுகிறோம். தட்டுக்கு ஓசை உண்டு, விரலுக்கு இல்லை. ஓசையில்லாத அந்த நான்கு எண்ணிக்கைகளில்தான் கை அவசரப்படுகிறது. சுண்டு விரலிலிருந்து மோதிர விரலுக்குப் போகும்போது இடைவெளி மயிரிழை குறைந்தால்கூட, பத்து ஆவர்த்தனங்களில் அது வேறு வேகமாகிவிடும். ஒரு முறை வாயைத் திறக்காமல், வர்ணத்தை மனத்துக்குள் ஓடவிட்டு, விரல்களை மட்டும் பார்த்துத் தாளம் போடுங்கள். எந்த விரலில் ஓடுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு பயிற்சி: கைப்பேசியில் மெட்ரோனோமை ஓடவிட்டுப் பாடத் தொடங்கி, சற்று நேரத்தில் அதன் ஒலியை முழுவதும் குறைத்துவிடுங்கள். நான்கு ஆவர்த்தனங்கள் பாடிய பிறகு ஒலியைக் கூட்டினால், தட்டும் நீங்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மெட்ரோனோமை விடாமல் ஒலிக்கச் செய்து பாடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆசிரியையின் கையை நம்பியிருந்தவர் பிறகு கருவியை நம்பத் தொடங்குவார், அவ்வளவுதான். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஒரே வரியை இரட்டித்துக்கொண்டே போகும் வேகங்களில் பாடும்போது கையின் வேகம் மாறவே கூடாது என்று பழைய ஆசிரியர்கள் வற்புறுத்தியதன் பயனும் இந்த இடத்தில்தான் விளங்கும்.

வேகத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு திறன். மேடையில் ஏறியதும் படபடப்பில் நாம் எடுக்கும் வேகம் வீட்டில் பாடுவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். எனவே பல்லவியை எடுப்பதற்கு முன், சரண ஸ்வரங்களில் உங்களுக்கு மிகக் கடினமான வரி எதுவோ அதை ஒரு முறை மனத்துக்குள் பாடிப் பார்த்து, அது நிதானமாக உட்காரும் வேகத்தைப் பல்லவிக்குக் கொடுங்கள். இன்றைய கச்சேரி முறையை வகுத்தவராகக் கருதப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் வழியில் வர்ணம் முதலில் வருகிறது. குரல் பதமாவதற்காக என்பார்கள். பாடகர், வயலின், மிருதங்கம் மூவரும் காலத்தில் ஒன்றுவதற்கும் அதுவே இடம் என்று நான் நினைக்கிறேன். மத்திம காலத்துக்கு, அதாவது நடுத்தர வேகத்துக்கு, பெயர்பெற்றவர் அரியக்குடி. பாடகர் எம்.டி. ராமநாதன் நேர்மாறாக, கீழ்ச் சுருதியில், மிக விளம்பமாக, அதாவது மெதுவாகப் பாடினார். இருவரின் ஒலிப்பதிவுகளையும் கையில் தாளம் போட்டபடியே கேளுங்கள். ராமநாதனோடு தாளம் போடும்போது கை பொறுமையிழப்பதை உணர்வீர்கள். விளம்பம் சுலபம் என்ற எண்ணமும் அத்துடன் போய்விடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மந்திர (கீழ் ஸ்தாயிப்) பஞ்சமமும் தார (மேல் ஸ்தாயிப்) பஞ்சமமும் வருத்தமின்றிப் பேசுகிற கட்டையே, அதாவது சுருதியே, உங்கள் கட்டை. ஆசிரியையின் கட்டையில் பாடிப் பழகியிருந்தால் அதை மறுபரிசீலனை செய்யுங்கள். பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார்கள் என்பதற்காக நீங்களும் அங்கே நிற்க வேண்டியதில்லை. எந்தக் கட்டை என்பதை மிருதங்கக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு மிருதங்கத்தின் வலந்தலையை (வலப்பக்க முகத்தை) சிறிதளவுதான் ஏற்றி இறக்க முடியும். கட்டை மாறினால் அவர் வேறு மிருதங்கத்தைத் தூக்கி வர வேண்டும். சாகித்தியத்தில், அதாவது பாடல் வரிகளில், சொல்லின் நடுவில் மூச்செடுக்காமலிருக்கப் பொருள் தெரிந்திருக்க வேண்டும். தெலுங்குக் கீர்த்தனையானால் இரட்டிப்பாக.

மிருதங்கக்காரர் இழுத்துப் பிடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்போதே உணர்ந்தீர்களா, பின்னர் யாராவது சொன்னார்களா? உணர்ந்திருந்தால் உங்கள் காது சரியாக இருக்கிறது, கைதான் கேட்கவில்லை. பக்கவாத்தியத்தைக் கேட்கப் பழகுவதற்கு, மிருதங்கம் தனியாக வாசிக்கப்படும் தனி ஆவர்த்தனத்தைவிட நல்ல வகுப்பு கிடையாது. ரசிகர்களில் பலர் காபி குடிக்க எழுந்து போகும் அந்த நேரத்தில் பாடகர் பிசகாமல் தாளம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். மிருதங்கக்காரர் நடைகளை வாசித்து, முடிவு நெருங்குவதைக் காட்டும் மோராவுக்கு வந்து, நிறைவாக வரும் கோர்வையை முடிக்கிற கணத்தில், பாட்டு தொடங்கும் இடமான எடுப்பைப் பாடகர் பிடிக்க வேண்டும். எடுப்பு, தாளத்தின் முதல் தட்டான சமத்தில் இல்லாமல் அரை இடம் தள்ளி வருகிற கீர்த்தனையானால், அந்த அரை இடத்தைப் பொறுக்க முடியாமல் முந்திக்கொள்பவர்களே அதிகம். தெரிந்த மிருதங்க மாணவர் யாரையாவது வரச் சொல்லி, நீங்கள் பாடாமல் அவருக்குத் தாளம் மட்டும் போட்டுப் பழகுங்கள். அவருக்கும் அது பயிற்சிதான்.

நோட்டைப் பற்றி: தவறு என்று சொல்ல மாட்டேன், மேடையில் ஐபேடை வைத்துக்கொண்டு பாடுபவர்கள் இன்று இருக்கிறார்கள். ஆனால் உங்கள் நிலையில் வர்ணத்துக்கு அது வேண்டாம். கண் நோட்டில் இருக்கும்போது கை தன்போக்கில் போகும், வயலின்காரர் முகத்தையும் பார்க்க முடியாது. பாடி அதிகம் பழகாத கீர்த்தனைகளின் இரண்டாம், மூன்றாம் சரணத்துக்கு மட்டும், முதல் சொற்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்